வயர் இல்லாமல் வந்த வெற்றிலை

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நான்கு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன், பத்திரிகையில் எழுத வந்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நோண்டியைப் பற்றி யாரும் எழுதாவிட்டால் மலாக்காவுக்கே நஷ்டம். ஓடுகிற பொருளைக் கண்டால் கை அரிக்கிற அப்படி ஒரு மனிதர் இந்த மலாயாவில் வேறு எங்கும் பிறந்திருக்க முடியாது.

நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்த புதிதில் காஜா பேராங்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பக்கத்துத் தையல் கடையில் எனக்கு வேலை. காற்று வாங்க பேனுக்கு அடியில் உட்காருவார். ஐந்தாவது நிமிடம் பேன் மேசைமேல் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். "சத்தம் சரியில்லையே" என்று என் தையல் மிஷினை மூன்று முறை பிரித்தார். சத்தம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

அவர் என் தங்கையைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். தங்கைக்கும் சம்மதம். செமாபோக்கிலிருந்த அப்பாதான் மசியவில்லை.

"ஓடுற சாமானைச் சும்மா விடத் தெரியாதவன் குடும்பத்தை ஓட விடுவானா?"

ஆனாலும் ஒருநாள் கடைக்கு வந்து பார்க்க ஒப்புக்கொண்டார்.

நோண்டியிடம் ஒரு பழைய தகரப் பொம்மைக் கார் இருந்தது. வயரின் நுனியிலிருக்கும் பெட்டியை அமுக்கியபடி பின்னாலேயே நடக்க வேண்டும். நன்றாக ஓடியது. அதுதான் அதன் கெட்ட நேரம்.

"என்னா மச்சான், ஆட்டுக்குட்டி மாதிரி கயித்தப் புடிச்சிக்கிட்டா நடக்கிறது? டிரான்சிஸ்டர் வந்திருச்சிலா!" என்று வயரை வெட்டினார். அப்போதே எனக்கு மச்சான் பட்டம்.

காருக்குள் டிரான்சிஸ்டர், மேலே ஏரியல், அவர் கையில் ரொட்டி டின் அளவுக்கு ஒரு பெட்டி. பித்தானை ஒருமுறை அமுக்கினால் வலது, அடுத்த முறை இடது.

அப்பா வந்து கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். வெற்றிலை பாக்கைக் கையால் கொடுங்கள் என்று நோண்டியிடம் கெஞ்சினேன். கேட்டால்தானே? கார் தலையில் வைத்து அனுப்பினார்.

"சபார் மாமா, சபார்! தானா வரும் பாருங்க!" பொறுமை என்றால் என்னவென்றே தெரியாதவர் சொன்னார்.

வந்தது. அப்பாவின் கைக்கு ஒரு முழம் இருக்கும்போது எதிரே மிளகாய் மில்லில் சுவிட்சைப் போட்டார்கள். கார் சடாரென்று திரும்பி, வெற்றிலையோடு லொங்காங்கில் குதித்தது.

அப்பா எழுந்தார். "ஓடுனதக் கழட்டி சாக்கடையில விட்டாச்சி. வாடா போவோம்."

நோண்டி முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார். "மச்சான்! மில்லு சுவிட்சுல வர்ற பொறி கூட இதுக்குக் கேக்குது!" அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். தங்கையின் கல்யாணம் இதோடு போச்சு என்று நினைத்தேன்.

கார் அவர் கைக்கெட்டும் தூரத்தில் மல்லாந்து, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெற்றிலை மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு வெற்றிலைக்குப் பின்னால் ஓடினார். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பைப்பில் கழுவி, புதுச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"வெத்தல மாமா."

"அப்ப காரு?"

"கெடக்கட்டும் மாமா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா வெற்றிலையை வாயில் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னோடு பஸ் ஏறினார்.

மறுநாள் எங்கள் வீட்டு ரேடியோவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரிப்பேர் செய்ய வேண்டும் என்று காஜா பேராங்குக்கு, நோண்டியின் கடைக்குப் போனார். அது நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.