இடி இடிக்காத டிசம்பர்

டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு இருந்தது.

ஒரு வாய் குடித்ததுமே அச்சக ஃபோர்மேனின் முகம் அஷ்டகோணலாயிற்று. எதிரே மனைவி இடுப்பில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?"

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "நல்லா இருக்கும்மா."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப."

அவள் முகம் ஏனோ சுண்டிப்போயிற்று. டம்ளரை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு மாதமாக இருந்திருந்தால் அந்த டம்ளர் பறந்திருக்கும். அச்சகத்தில் அவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். காகிதம் கோணிக்கொண்டு போனால் இடிப்பார், மை கூடினால் இடிப்பார், ஒன்றுமே நடக்காவிட்டால் ஏன் சும்மா இருக்கிறாய் என்று இடிப்பார். வீட்டிலும் அதே கதைதான். மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். மாடி வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ஆனால் இது கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம். கூடத்து மேஜையில் பச்சை இலை வளையத்துக்குள் முதல் ஊதா மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. இயேசு பாலன் பிறப்புக்கு முன்னால் மனசைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டிய நாட்கள். அவரும் ஒழுங்காகக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவங்களைச் சொன்னார். பங்குச் சாமியார் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வருஷா வருஷம் இதே கோபத்தைத்தானே கொண்டு வர்றீங்க? எனக்கே மனப்பாடமாயிடுச்சு. இந்தத் தடவை கிறிஸ்மஸ் வரைக்கும் கோபப்படாம இருந்து பாருங்க. அந்த ஒறுத்தலையே பாலனுக்குக் காணிக்கையா கொடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. தம்பட்டம் அடிச்சா தவம் அங்கேயே தீர்ந்துபோகும்."

அதனால்தான் உப்பு டீ இறங்கியது.

மறுநாள் மதியம் அச்சகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே பாத்திரம் துடைக்கும் துணி அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெஷின்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். இடியோ டப்பாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வந்துவிட்டாள். "டப்பாவுல என்ன இருந்துச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. பாவம், உனக்கு எவ்வளவு வேலை."

"பாவமா? நானா?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் அச்சகத்தில் இதை அவர் பிழை திருத்துபவரிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. முதல்ல உப்பும் சர்க்கரையும் மாறுச்சு. கடைசியில பெரியப்பாவைப் பாத்து யாருன்னு கேட்டாங்க."

ஃபோர்மேனுக்கு அதற்குப் பிறகு வேலையில் மனம் ஓடவில்லை. காலண்டர் அச்சாகிற சீசன். ஒரு கட்டு முழுக்க ஞாயிற்றுக்கிழமை கறுப்பாகவும் திங்கட்கிழமை சிவப்பாகவும் வந்திருந்ததை மெஷின்காரர் நடுங்கிக்கொண்டே காட்டினார். "இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முதலாளி வரைக்கும் செய்தி போயிற்று, இடிக்கு உடம்பு சரியில்லை என்று.

அவள் சிரமப்படக்கூடாது என்று சமையலைத் தானே எடுத்துக்கொண்டார். விளைவு, மறுநாளே அவருடைய நல்ல சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அவள் அண்ணன் தெருக்கோடியில் லாண்டரி வைத்திருப்பவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இஸ்திரி போட மறந்துவிட்டதென்றால் என்ன அர்த்தம்?

"இது உங்க அக்கா வாங்கிக் கொடுத்த சட்டை," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"போனா போகுதும்மா. அக்கா இன்னொண்ணு வாங்கித் தருவா. உன் கையில சூடு படலையே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி மச்சானின் லாண்டரியில் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்து மழை. வேலை முடிந்து வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மணியடித்தார், தட்டினார். ஒருவழியாக ஜன்னல் திறந்தது.

"யாரு?"

"நான்தாம்மா."

"எந்த நான்?"

பெரியம்மா கட்டம் வந்தாகிவிட்டது. நனைந்த தலையோடு, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "உன் புருஷன்ம்மா. பயப்படாதே. நீ மெதுவா யோசிச்சுப் பாரு, நான் இங்கேயே நிக்கறேன்."

உள்ளே தட்டு ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

காலையில் விடுப்பு போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவள் பளிச் பளிச்சென்று பதில் சொன்னாள்.

"பழைய விஷயம் எல்லாம் ஞாபகம் இருக்காம்மா?"

"கல்யாணத்தன்னிக்கு மாலை கோணலா இருக்குன்னு இவரு என்னைத் திட்டினாரு. என்னென்ன வார்த்தைன்னு வரிசையா சொல்லட்டுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களுக்கு ஒண்ணுமில்ல சார். நீங்கதான் சத்தமே போடுறதில்லையாமே? எப்பலேருந்து? கொஞ்சம் நாக்கை நீட்டுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் வளையத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் வார ஞாயிறன்று ஏற்றிய ரோஜா நிற மெழுகுவர்த்தியும் கரைந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று அதற்குப் பெயர். அவளோ அதைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுகை இரட்டிப்பாயிற்று.

அவருக்கு மேற்கொண்டு தாங்கவில்லை. நேரே லாண்டரிக்கு ஓடினார். மச்சான் ஒரு அங்கியின் கைமடிப்பை நீவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்க தங்கச்சி கையைவிட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. டீயில உப்பு போடறா, சட்டையைக் கருக்கறா, நான் யாருன்னே கேக்கறா. நான் எவ்வளவு பிரியமா நடந்துக்கறேனோ அவ்வளவு மோசமாகுது. அவ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன், மச்சான்?" இடியின் குரல் உடைந்துவிட்டது.

மச்சான் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, மாப்பிள்ளை. நீங்க எவ்வளவு திட்டினாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம பொறுத்துக்கறதுதான் இந்த வருஷம் அவ எடுத்திருக்கிற ஒறுத்தல். திட்டு வாங்க என்ன பண்ணினாலும் மனுஷன் திட்டவே மாட்டேங்கறாரு, பாலனுக்குக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லையேன்னு நேத்து இங்க வந்து ஒரே அழுகை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தடவை நல்லாத் திட்டிடுங்க!"