மாப்பிள்ளைக் காருக்கு வைத்த தேசிக்காய்

சின்ன வயதிலிருந்தே எனக்கு வெட்கம் ஒரு வியாதி மாதிரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். (வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எனக்குச் சத்தம் வராது. ஒருநாளும் தவறாமல் போன பிள்ளைக்கு வரவு இடாப்பில் பாதி நாள் வரவில்லை என்று கிடந்தது.) அடக்கமான பெண் என்று ஊர் மெச்சியது. அந்த அடக்கத்தால் என் தங்கச்சியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது ஊருக்குத் தெரியாது. இப்போது வயதும் போய்விட்டது. இனி என்ன, சொல்லிவிடுகிறேன்.

அது புதுக் கார் நாட்டுக்குள் வராத காலம். தங்கச்சி பூமணிக்கு உடுப்பிட்டியில் சம்பந்தம் சரிவந்தது. பேச்சுக்காலுக்குப் போன என் கணவர், யாரும் கேட்காமலே, "மாப்பிள்ளையை எங்கடை சொந்தக் காரிலைதான் வந்து கூட்டிக்கொண்டு போவம்" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு சைக்கிளும், புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினும்தான்.

சாவகச்சேரியில் வேலை ஓய்ந்த ஓவசியர் ஒருவரிடம் கார் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பழைய ஏ-40. அதைப் புதுசு போல ஆக்குகிறேன் என்று மனுசன் ஆறு வருசத்துக்கு முன் கழற்றத் தொடங்கியிருக்கிறார். வெளிக்கூட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்து முடித்த கையோடு அலுத்துவிட்டது. மற்றதெல்லாம் கழுவி, கிறீஸ் பூசி, பேப்பரில் சுற்றி, பிஸ்கற் வந்த தகரப் பேணிகளிலும் பால்மாப் பேணிகளிலும் சாக்குகளிலும் கிடந்தது.

"எல்லாம் இருக்கு தம்பி. ஒரு ஆணி குறையாது. பூட்டுறதுதான் பாக்கி," என்றார் ஓவசியர்.

(இன்றைக்கும் யாராவது 'இனி இது மட்டும்தான் பாக்கி' என்றால் நான் எழும்பி நடந்துவிடுவேன்.)

கணவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்லுறாய்?" என்றார். அந்நிய மனுசன் முன்னால் எப்படி நிமிர்வது? குனிந்தபடி நின்ற எனக்குக் கதவு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கதவில் என் முகம் தெரிந்தது. காதுத் தோடுகூடத் தெரிந்தது. "வடிவாயிருக்கு," என்றேன். அவ்வளவுதான். லொறி பிடித்துக் காரை ஏற்றினோம், பேணி பேணியாக.

பூட்டுவதற்குச் சைக்கிள் கடை மாணிக்கண்ணை வந்தார். "தண்ணி மெசினைக் கழட்டிப் பூட்டுற எனக்கு இது என்ன பெரிய வேலை?" என்று கணவர். "சைக்கிளுக்கு ரெண்டு சில்லு, இதுக்கு நாலு. அவ்வளவுதானே!" என்று மாணிக்கண்ணை. இரண்டு பேரும் வாசல் மாமரத்தடியில் நாலு மாதம் பூட்டினார்கள். கடைசியில் ஒரு பிஸ்கற் பேணி நிறைய ஆணிகள் மிஞ்சின.

"இதென்னப்பா இவ்வளவு?" என்று கேட்டேன்.

"செய்தவங்கள் வீணாய்ப் போட்டது," என்றார் கணவர்.

ஒருநாள் காரைக் கல்லின்மேல் ஏற்றி வைத்தபடியே எஞ்சினை முடுக்கினார்கள். அது நாலு வீட்டு நாய்களையும் எழுப்பிக்கொண்டு வேலை செய்தது. கணவர் உள்ளே இருந்து, "இஞ்சேர், பின்சில்லைப் பார்! சுத்துதோ?" என்று கத்தினார். பார்த்தேன். சுற்றியது. ஆனால் அது சுற்றிய பக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. சைக்கிள் சில்லு போகிற பக்கத்துக்கு நேர்மாறாக இருந்தது. காருக்கு அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். மாணிக்கண்ணை பக்கத்தில் நின்றார். அவர் சிரித்துவிட்டால்?

"நல்லாச் சுத்துது," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன்.

அப்போதே காரை ரோட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அதற்கு அம்மா விடவில்லை. "முதல் உருளல் நல்ல காரியத்துக்கு, நல்ல நேரத்திலை உருளவேணும்." கல்யாணத்தன்று காலை அதைத் தள்ளித்தான் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார்கள். தள்ளியது கணக்கில் இல்லையாம், எஞ்சின் உருட்டினால்தான் உருளலாம்.

முன்சில்லு இரண்டுக்கும் முன்னால் அம்மா ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். கணவர் சாரதி. பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக என் தம்பி ராசன். பின்னுக்கு, பலகாரத் தட்டத்தோடு நான். ஊரே நின்று பார்த்தது. கணவர் கியரைப் போட்டார்.

கார் பின்னுக்குப் போனது.

தேசிக்காய் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. அம்மாவின் வாய் திறந்தபடி சின்னதாகிக்கொண்டு போனது. இரண்டாம் கியரைப் போட்டார். இன்னும் கெதியாய்ப் பின்னுக்குப் போனது. மூன்றாவதைப் போட்டார், என் தட்டத்திலிருந்த பயத்தம் பணியாரம் எழும்பிக் கூரையில் அடித்தது.

"அத்தான், நிப்பாட்டுங்கோ!" என்று ராசன் கத்தினான்.

"நல்ல நேரத்திலை புறப்பட்டாச்சு. இனி நிக்கக்கூடாது!" என்றார் கணவர். (நிறுத்தியிருந்தால் வாடகைக்கு ஒரு ஹயர்க் காராவது பிடித்திருப்போம்.) "இஞ்சேரப்பா, எனக்கு உன்ரை கொண்டைதான் தெரியுது. திரும்பி இருந்து ரோட்டைப் பாத்துச் சொல்லு!"

இருக்கையில் முழங்காலில் நின்று பின்கண்ணாடியில் முகத்தை வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாருக்கும் முன்னால் போனது நான்தான். ஆடு வந்தது. சைக்கிள் வந்தது. தலைச்சுமையோடு மீன்காரி வந்தாள். "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கத்தினது யாரென்று பார்த்தால் நானேதான்.

"சோத்துக்கைப் பக்கம் திருப்புங்கோ!" என்றேன். கார் யாரோ வீட்டுக் கிடுகு வேலியைச் சுரண்டிக்கொண்டு போனது.

"ஆற்றை சோத்துக்கை? உன்ரையோ என்ரையோ?"

"என்ரை! என்ரை!"

"நீ திரும்பியெல்லோ இருக்கிறாய், விசரி!"

இப்படியே இரண்டு மைல். றிவேர்ஸ் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பின்னுக்குப் போகிற காருக்கு றிவேர்ஸும் போட்டால் எங்கே போய் நிற்குமோ என்ற பயம்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறைகுடத்தோடு நின்ற சனத்துக்கு முதலில் தெரிந்தது காரின் பின்பக்கமும் கண்ணாடியில் அப்பிய என் மூக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா துள்ளி எழும்பினார்.

"இதென்ன கண்டறியாத கூத்து! பின்புறம் காட்டிக்கொண்டு வந்த காரிலை எங்கடை பெடியன் ஏறமாட்டான். இண்டைக்கு விடுவம், வேறை நாள் பாப்பம்!"

வேறை நாள்! மணவறையில் பூமணி காத்துக்கொண்டு இருப்பாள். வேறை நாள் என்றால் அது வராத நாள் என்று எல்லாருக்கும் தெரியும். கணவர் ஸ்ரேறிங்கை விட்டு இறங்கவேயில்லை. இரண்டு மைலும் கத்திக்கொண்டு வந்த தொண்டை எனக்கு இன்னும் மூடவில்லை.

"ஐயா!" என்று கத்தினேன். "காரின்ரை முகம் எங்கடை வீட்டைப் பாத்தபடியேதான் நிக்குது! திருப்பவும் தேவையில்லை. ஏறி இருந்தால் நேரை மணவறைதான்!"

பெரியப்பா காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு தானே காரின் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு குனிந்து, கணவரின் காதில், "அண்ணை, றிவேர்ஸைப் போட்டுப் பாருங்கோ," என்றார்.

கார் முன்னுக்குப் போனது.

மாட்டு வண்டி வேகத்தில், பன்றி கத்துகிற சத்தத்தோடு போனது. கோயிலடியில் காத்திருந்த மேளகாரர் முன்னால் நடக்க, கார் அவர்களைப் பிடிக்க முடியாமல் பின்னால் வந்தது. (என்ன பவுசான ஊர்வலம் என்று சனம் கதைத்ததாம்.) முகூர்த்தம் முடியக் கால்மணித்தியாலம் இருக்க எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினோம். தேசிக்காய் இரண்டும் அதே இடத்தில் கிடந்தன. அம்மா காவல் நின்று ஒருவரையும் தொடவிடவில்லை. முன்சில்லுகள் அவற்றின்மேல் ஏறின. டப், டப்.

"அப்பாடா, இனிப் பயணம் சரி," என்றார் அம்மா, பயணம் முடிந்த பிறகு.

பிறகு வந்து பார்த்த மெக்கானிக், பின்சில்லுகளுக்கு நடுவில் இருக்கிற பல்லுச் சக்கரம் மறுபக்கமாகப் பூட்டிக் கிடக்கு என்றார். எல்லாரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னைக் காட்டினார்: "இவளும் பாத்தவள். நல்லாச் சுத்துது எண்டவள்!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதுதான் பேச்சு. பூமணியின் புருசனிடம் கறி எப்படி என்று கேட்டால், உப்புக் கரித்தாலும் "நல்லாச் சுத்துது" என்பார். கனடாவிலிருந்து அவர்களின் மகன் போனில், "பெரியம்மா, புதுக் கார் எடுத்திருக்கிறன், நல்லாச் சுத்துது," என்று சிரிக்கிறான். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. சில்லு நல்லாய்த்தான் சுற்றியது. எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.