லாரிக்கும் நன்றி

நன்றி சொல்லியே ஆளை வாட்டும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. பார்த்திருப்பீர்கள். கூட்டம் முடிந்ததென்று நீங்கள் காலால் செருப்பைத் துழாவும் நேரத்தில்தான் அது மைக்கைப் பிடிக்கும்.

பர்மாவில், எங்கள் பசுந்தாங்கில் அந்த இனத்தின் பெருமை ஊ நல்லையா; 'ஊ' என்றால் இங்கே 'திரு'. வடக்கே மண்ணில் புதைந்த பழைய நகரமொன்றைப் பனிக்காலம் முழுவதும் தோண்டிவிட்டுத் திரும்பிய ஆய்வுக் குழுவுக்கு இங்கே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நன்றியுரை வேறு யாருக்குப் போகும்? அவர் வடக்கே போனதே இல்லை. நன்றி சொல்ல அது எதற்கு?

மேலிருந்து கீழே இறங்குவது அவர் வழக்கம். தலைவருக்கு, தலைவரைப் பெற்றவர்களுக்கு, வந்தவர்களுக்கு, வருவதாகச் சொல்லி வராதவர்களுக்கு, குழு ஏறிப்போன லாரிக்கு, பெய்யாமல் இருந்த மழைக்கு என்று தமிழில் சொல்லி, மூச்சு வாங்கி, அத்தனையையும் மறுபடி பர்மியத்தில் சொல்வார்.

பின்வரிசையில் புது லுங்கி உடுத்தி ஜெயம்மா உட்கார்ந்திருந்தார். தோண்டியவர்களுக்கெல்லாம் அந்தப் பொட்டலில் சோறாக்கிப் போட்டவர். 'டோ ஜெயம்மா' என்று மரியாதை சேர்த்து மைக்கில் சொல்வார்கள் எனத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, நம்பாத மூத்த நாத்தனார் தைலம்மாளையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"எங்கடி உன் பேரு? லாரிக்கே சொல்லிட்டாரு."

"லாரிக்கு அடுத்து நாங்கதான் அண்ணி. அதுலதானே போனோம்."

"இறுதியாக," என்றார் நல்லையா. ஜெயம்மா நிமிர்ந்தார். "களத்தில் உழைத்த மற்ற அனைவருக்கும்."

அவ்வளவுதான். அதைப் பர்மியத்தில் தொடங்குமுன் மின்சாரம், எங்கள் பேச்சில் 'மீ', போனது. மைக் செத்தது. அவர் நிறுத்துவாரா? உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.

"பாத்தியா, உன் பேரே வரலை."

"வருது அண்ணி, அவர் வாயைப் பாருங்க. என் முறை வந்ததும் மீ போயிருச்சு."

தைலம்மாள் அந்த வாயை வெகுநேரம் பார்த்தார்.

வாசலில் நல்லையா கைகூப்பி நின்றார். ஜெயம்மா யாரென்று அவருக்குத் தெரியாது. "யாராச்சும் விட்டுப்போச்சாம்மா?" என்று பொதுவாகக் கேட்டார். தைலம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க. மீ போன பிறகு எல்லாரையும் சொல்லிட்டீங்க," என்றார் ஜெயம்மா.

அதற்கும் நன்றி சொன்னார் நல்லையா.

சிரிக்கிறீர்கள். போன கல்யாணத்தில் மைக் உங்கள் கைக்கும் வந்ததே? சம்பந்தி வீட்டார் ஒருவர் விடாமல் சொன்னீர்கள். சோறாக்கியவர் பெயர் என்ன? அன்று உங்கள் மண்டபத்தில் மின்சாரம்கூடப் போகவில்லையே.