நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று

“தொண்ணூத்தி ஒண்ணா? சரியா எண்ணுனீங்களா அண்ணே?”

“மூணு தடவ எண்ணிட்டேன் தங்கச்சி. நூறு எடத்துல சாசேஜ் வச்சோம். தொண்ணூத்தி ஒரு எடத்துல உடும்பு வந்து முழுங்கிட்டுப் போயிருக்கு. மீதி ஒம்போதையும் எறும்பு பாத்துக்கிச்சு.”

கிளிஃப்டன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். ஆற்றங்கரை மணலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த லோர்னாவுக்கோ முகம் வெளுத்துவிட்டது.

“நல்ல சேதிதானே? அறுவது உடும்பு தின்னா போதும்னு நீதான சொன்ன?”

“அறுவது போதும். ஆனா என் கணக்குப்படி முதல் தடவையில நாப்பத்தஞ்சுதான் தின்னிருக்கணும். தொண்ணூத்தி ஒண்ணு வரவே வராது.”

“வந்திருச்சே.”

“அதான் பயமா இருக்கு.”

லோர்னா தெற்கே பெருநகரமான பெர்த்திலிருந்து வந்தவள். அவளுடைய வேலை கணக்கு; அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவள். கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கும் என்று நம்பி எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டது. அது இப்போது கிழக்கிலிருந்து கிம்பர்லி வட்டாரத்து ஆறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்தத் தேரையைத் தின்கிற உடும்பு அரை நிமிடத்தில் செத்துவிடும். இந்த ஊர் ஆற்றுக்கு அது எப்போது வரும் என்று லோர்னா கணக்குப் போட்டிருந்தாள்: முதல் மழை பெய்த பதினோராம் நாள், பாலத்தடியில்.

தேரையைத் தடுக்க யாராலும் முடியாது. உடும்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் முடியும். விஷத்தோலை உரித்த தேரைக் கறியில் வயிற்றைக் கலக்கும் பொடியைச் சேர்த்து, சாசேஜாக உருட்டி, தேரை வரும் முன்பே ஆற்றோரம் வைத்துவிட வேண்டும். தின்ற உடும்பு நாலு மணி நேரம் கழித்துக் கக்கிக் கக்கித் துவளும். பிறகு வாழ்நாளெல்லாம் தேரை வாசனை பட்டாலே தலையைத் திருப்பிக்கொள்ளும். நூற்றில் அறுபது இப்படிக் கற்றுக்கொண்டால் ஆற்றில் உடும்பு இனம் பிழைக்கும். ஐம்பத்தைந்தோடு நின்றால் பிழைக்காது. அந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க லோர்னாவுக்கு நாலு வருஷம் ஆயிற்று.

கிளிஃப்டனுக்கு அந்தக் கணக்கின் பாதி புரியாது. ஆனால் ஆற்றங்கரைக் காவலர்களுக்குத் தலைவனான அவன், போன வருஷம் கிழக்கே தேரை வந்துவிட்ட அடுத்த ஆற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். மூன்று நாள் நடந்தும் மணலில் ஓர் உடும்புத் தடம் இல்லை. அங்கிருந்த அவன் சொந்தக்காரர்கள் உடும்புக் கறியைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள். திரும்பி வந்தவன், லோர்னா என்ன சொன்னாலும் செய்வேன் என்று சொல்லிவிட்டான்.

“பெர்த்துல நூறு தடவ சோதிச்சேன் அண்ணே. தேரைக் கறி உடும்புக்கு அப்படி ஒண்ணும் பிடிக்காது. பாதிக்கு மேல தொடாது. இங்க இப்படி அள்ளித் தின்னிருக்குன்னா, இது தேரை சாசேஜே இல்ல.”

“அப்ப எது?”

“மாட்டு சாசேஜ்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் சாசேஜ் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது மதுக்கடைச் சமையலறையில் இருந்தது. சமையல்காரி யூனிஸ்தான் தேரைக் கறியை உருட்டிக்கொடுத்தாள். பிறகு இயந்திரத்தைக் கழுவி, கால்பந்துப் போட்டிக்காக மாட்டுக் கறியையும் உருட்டினாள். இரண்டையும் குளிர்பெட்டிகளில் வைத்தாள். இரண்டு பெட்டியும் நீலம். அதோடு மூன்று நாள் விடுப்பில் கடற்கரைக்கு மீன்பிடிக்கப் போய்விட்டாள். அங்கே போன் எடுக்காது.

“இன்னிக்கு என்ன கிழமை?” என்றாள் லோர்னா.

“சனி. கடைசி மேட்ச்.” கிளிஃப்டன் மணியைப் பார்த்தான். “பன்னெண்டுக்கே வாட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.”

மதுக்கடைக்காரன் லெஸ்தான் கால்பந்துக் குழுவின் தலைவனும். லோர்னா வண்டியில் ஏறும்போதே அவனுக்குப் போன் போட்டாள். தேரை என்று போனில் சொன்னால் கலவரம் ஆகிவிடும் என்று நாசூக்காக ஆரம்பித்தாள்.

“லெஸ், சாசேஜை நிறுத்துங்க. கெட்டுப் போயிருக்கலாம்.”

“எது? என் சாசேஜா?”

“இருக்கலாம்னுதான் சொல்றேன்.”

“டாக்டரம்மா, இருவது வருஷமா இந்த ஊருக்குச் சாசேஜ் போடறேன்!”

போன் துண்டிக்கப்பட்டது. அவர்கள் மைதானத்துக்கு வந்து சேரும்போது ஒலிபெருக்கியில் லெஸ் முழங்கிக்கொண்டிருந்தான். “என் சாசேஜ் கெட்டுப்போச்சாம்! பெர்த்லேருந்து வந்த ஒரு மேதாவி சொல்லுது! ஆளுக்கு இன்னொண்ணு இலவசம், வாங்க! முதல்ல நான் மூணு தின்னு காட்டறேன்!”

தின்றும் காட்டினான். சனம் கைதட்டி வரிசையில் நின்றது.

லோர்னா முண்டியடித்து அவனிடம் போய்க் காதில் கிசுகிசுத்தாள். “லெஸ், பெட்டி மாறிப்போச்சுன்னு நெனைக்கிறேன். அது மாட்டுக் கறி இல்ல. தேரை.”

“தேரை” என்றது மைதானத்தின் நாலு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கி. லெஸ் கையிலிருந்த மைக்கை அணைக்கவில்லை.

பந்தைத் துரத்திக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார். ஒரு பெண்மணி கையிலிருந்த சாசேஜ் ரொட்டியை, பாம்பைப் போடுவது போல மெல்லக் கீழே வைத்தாள்.

“பயப்படாதீங்க!” என்று லோர்னா மைக்கைப் பிடுங்கினாள். “விஷம் சுத்தமா கெடையாது! தோல உரிச்சாச்சு! வெறும் வாந்தி வர்ற பொடி மட்டும்தான் கலந்திருக்கு!”

கிளிஃப்டன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“எப்ப வரும்?” என்று ஒரு குரல் கேட்டது.

இங்கே வேறு யாராக இருந்தாலும் ‘தெரியாது’ என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். லோர்னாவுக்கு அது வராது. ஒரு கேள்விக்கு விடை கணக்கில் கிடைக்கும் என்றால், கேட்டவருக்கு அதைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைப்பவள் அவள். காலி தக்காளிச் சாறு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் எழுத ஆரம்பித்தாள். எத்தனை பேர் தின்றார்கள், ஆளுக்கு எத்தனை, உடும்பின் எடை என்ன, மனிதன் எடை என்ன, உடும்பைவிட மனித வயிறு எத்தனை வேகமாகச் செரிக்கும். ஊரே சுற்றி நின்று அட்டையை எட்டிப் பார்த்தது.

“முதல் ஆள் ரெண்டு நாப்பதுக்கு. மூணு பத்துக்குள்ள எழுவது பேர். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.”

மைதானத்தில் கழிப்பறை இரண்டுதான்.

ஒருவரும் ஓடவில்லை. ஓடினால் வயிறு குலுங்கும். வேகமாக நடந்தார்கள். வெளியூர்க் குழு, உள்ளூர்க் குழு, எல்லைக்கோட்டு நடுவர் எல்லோரும் வரிசையில். மூன்று சாசேஜ் தின்ற லெஸ், தலைவன் என்கிற முறையில் முன்னால் இடம் கேட்டான், யாரும் விடவில்லை. கோலுக்கு ஆறு புள்ளி என்று எண்ணும் அந்த நாட்டுக் கால்பந்தில் உள்ளூர்க் குழு நாற்பது புள்ளி முன்னால் இருந்தபோது ஆட்டம் நின்றுபோனது.

“தேரை வந்தாக்கூட இந்தத் தெடல் இப்படிக் காலியாகியிருக்காது தங்கச்சி,” என்றான் கிளிஃப்டன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஒருவர் வேலியோரம் ஓடிப்போய்க் கக்கினார். “ஆரம்பிச்சிருச்சு!” என்று கூக்குரல் எழுந்தது. லோர்னா ஐந்து நிமிடப் பிழையைக் குறித்துக்கொண்டே அவரிடம் ஓடினாள்.

“எத்தனை சாசேஜ் சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் திங்கலம்மா. முட்டை ரொட்டிதான் தின்னேன். நீ பேசுனதக் கேட்டுத்தான் கொமட்டிருச்சு.”

இரண்டு நாற்பது வந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்று பத்து வந்தது. மூன்றரை. நாலு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் வரிசையில் நின்றதில் கால் வலித்ததுதான் மிச்சம்.

வரிசை கலைந்தபோது முதலில் சிரிப்பு, பிறகு கோபம். வெளியூர்க் குழு பேருந்தேறிப் போய்விட்டது. முடியாத ஆட்டத்தில் வெற்றி யாருக்கும் இல்லை.

“எங்க வயித்தையே ஒழுங்கா கணக்குப் போடத் தெரியல,” என்றான் லெஸ். “முப்பது மைல் தூரத்துல வர்ற தேரையக் கணக்குப் போட்டிருக்காளாம். மழைக்குப் பதினோராம் நாளாம்! ஏன், மணி சொல்லலையா?”

“காலையில ஆறுலேருந்து ஒம்போதுக்குள்ள” என்றாள் லோர்னா, கேட்டதற்குப் பதிலாக. சிரிப்பு மறுபடி வெடித்தது.

வண்டியில் திரும்பும்போது அவள் அட்டையை மடியில் வைத்து மறுபடி கூட்டிப் பார்த்தாள். கிளிஃப்டன்தான் ஆரம்பித்தான்.

“இவங்க தின்னது மாடுதான். அப்ப உடும்பு தின்னது தேரைதான். நல்லதுதானே?”

“நல்லதுதான் அண்ணே. ஆனா நாப்பத்தஞ்சுன்னு சொன்ன எடத்துல தொண்ணூத்தி ஒண்ணு வந்திருக்கு. ஒரு எண் தப்புன்னா, அதே அடித்தளத்துல நிக்கிற மத்த எண்ணும் தப்பா இருக்கலாம். தேரை நாளைக்கே வரலாம். அறுவது பத்தாம எண்பது தேவைப்படலாம். அதான்.”

“கணக்க மாத்திருவியா?”

அவள் அட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். “இல்ல. கணக்குல தப்பு எங்கன்னு தெரியாம, சிரிக்கிறாங்கன்னு மாத்தக் கூடாது.”

கிளிஃப்டன் அதைப் பிற்பாடு பலரிடம் சொன்னான். ஊரே சிரித்த அன்றைக்கும் ஓர் எண்ணைக்கூட அழிக்காமல் நின்றவள் என்று சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமையே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் லோர்னா பெர்த்துக்குப் போனாள். திங்கட்கிழமை லெஸ் வேண்டுமென்றே போன் செய்தான். “யூனிஸ் வந்துட்டா. பெட்டியெல்லாம் மாறலையாம். சொல்லலாம்னுதான்.” பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு மாதம் அவள் அந்தத் தொண்ணூற்றொன்றோடு மல்லுக்கட்டினாள். வெயிலைச் சேர்த்துப் பார்த்தாள், பசியைச் சேர்த்துப் பார்த்தாள், நிலவையும் விடவில்லை. எதைச் சேர்த்தாலும் நாற்பத்தைந்து ஐம்பதாகும், ஐம்பத்திரண்டாகும். அதற்கு மேல் ஏற மறுக்கும்.

நவம்பர் கடைசியில் முதல் மழை பெய்தது. பத்தாம் நாள் லோர்னா ஊருக்கு வந்துவிட்டாள். பதினோராம் நாள் விடிந்து ஆறு மணிக்கு அவளும் கிளிஃப்டனும் பாலத்தடியில் போய் நின்றார்கள். வேடிக்கை பார்க்க லெஸும், நாற்காலி, தேநீர்ப் புட்டியோடு இருபது பேரும் வந்திருந்தார்கள்.

ஏழாயிற்று. எட்டாயிற்று. லெஸ் கொட்டாவி விட்டான்.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அக்கரைப் புல்லிலிருந்து ஒரு தேரை தத்தி வந்தது. உள்ளங்கை அளவு, சொரசொரவென்று, யாரோ தன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியது போல. அதன் பின்னால் இரண்டு. அதன் பின்னால் எண்ண முடியாத அளவு.

லெஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

பாலத்தின் தூணிலிருந்து ஓர் உடும்பு இறங்கியது. மூன்றடி நீளம் இருக்கும். கிளிஃப்டன் லோர்னாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். உடும்பு முதல் தேரையிடம் வந்தது. நாக்கை நீட்டியது; ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அருவருப்போடு தலையைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே தூணில் ஏறிப் போய்விட்டது.

கைதட்டலை ஆரம்பித்தது லெஸ்தான். கிளிஃப்டன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க, ஆற்றோரம் கட்டியிருந்த கேமராக்களில் அதே காட்சிதான்: நூற்றுக்கு எண்பத்தெட்டு உடும்பு தேரையைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் விருந்து. லெஸ் எல்லோர் முன்னாலும் மைக்கில் மன்னிப்புக் கேட்டான். “இந்தம்மா சொன்னா, இனி என் வயித்துக்கும் நேரம் குறிச்சுக்குவேன்!” என்றான். கூட்டம் ஆரவாரம் செய்தது. லோர்னா மட்டும் மேசை மூலையில் காகிதத்தைப் பரப்பி வைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் என்ன தங்கச்சி?” என்றான் கிளிஃப்டன். “எல்லாம் நீ சொன்ன மாதிரியே நடந்திருச்சு.”

“தொண்ணூத்தி ஒண்ணு மட்டும் நடக்கக் கூடாதது அண்ணே. நாலு வருஷக் கணக்கு பொய் சொல்லாது. நான் போட்ட கறியும் பொடியும் தவிர வேற ஏதோ ஒண்ணு அந்தச் சாசேஜுல இருந்தாத்தான் இது வரும். ஆனா அது என்னன்னு யாரக் கேக்கறது?”

தட்டு எடுக்க வந்த யூனிஸ் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“நீ குடுத்ததுல உப்புகூட இல்லையே கண்ணு, அப்படியே அனுப்புனா என் அடுப்படிக்குத்தானே கேவலம்னு பன்றிக் கொழுப்பு ரெண்டு கை அள்ளிப் போட்டு உப்பும் மிளகும் சேத்தேன். ஏன், உடும்புக்குப் பிடிக்கலையா?”