பதினேழாம் நம்பர் இன்னும் மேலே வரவில்லை

பெங்களூரிலேயே ஸ்க்ரூக்களுக்கு ஆஜர் எடுத்த ஒரே மனிதர் எங்கள் டோக்கன் அண்ணன்தான். சந்தேகம் இருப்பவர்கள் லிங்கராஜபுரத்தில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பாதிரியாரின் ஸ்கூட்டர் என்று எதைக் கழற்றினாலும் கழன்று வருகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு நம்பர் கொடுப்பார். எல்லா நம்பரும் திரும்பி வந்தால்தான் சாமான் வீட்டை விட்டு வெளியே போகும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே "டோக்கன் வீடு எது?" என்றுதான் கேட்டு வருவார். அண்ணன் கோலார் தங்கவயலில் இருபது வருடம் சுரங்கத்துக்குள் பம்பு ஃபிட்டராக இருந்தவர். அங்கே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும்போது ஜன்னலில் கொடுத்தால் பலகை ஆணியில் மாட்டிவிடுவார்கள். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஆணியில் ஒரு பில்லை தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழேயே இருக்கிறான் என்று அர்த்தம். அண்ணன் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூர் வந்தபோது, சுரங்கத்தை அங்கேயே விட்டுவிட்டு பலகையை மட்டும் மனசோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் வீட்டு வாசல் சுவரில் மூன்றடிப் பலகை ஒன்று, அது நிறைய ஆணி. சோடா மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி நம்பர் குத்தினால் பில்லை தயார். ஸ்க்ரூ கழன்றதும் பில்லை ஆணியில் ஏறும், ஸ்க்ரூ இட்லித் தட்டின் குழியில் போய் உட்காரும். இட்லித் தட்டு அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்காவுடையது.

"ரிப்பேரு வந்த நாளெல்லாம் எங்க வூட்ல உப்மாதான்பா" என்பார் அக்கா. "நான் மார்க்கெட்டுக்குப் போனாக்கூட ஒரு பில்ல தொங்கும். தாலி கட்ன கையோட எனக்கு ஒண்ணாம் நம்பரு குடுத்தவராச்சே இவுரு!"

ஒருமுறை எதிர்வீட்டு டீச்சரின் மிக்ஸியைப் பிரித்தார். பதினோரு ஸ்க்ரூ வெளியே வந்தது. பதினோரு ஸ்க்ரூவும் உள்ளே போனது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே இன்னொன்று கடகடவென்றது. வேறு யாராக இருந்தாலும் அதை எடுத்துத் தெருவில் வீசியிருப்பார்கள். அண்ணனுக்கு முகம் இருண்டுவிட்டது.

"பில்லயே இல்லாம ஒருத்தன் உள்ள கீறான். எவன்டா இவன்?"

விசாரணை நான்கு நாள் நடந்தது. டீச்சர் நான்கு நாளும் அம்மியில் சட்னி அரைத்தார். முன்பு ரிப்பேர் பார்த்த யாரோ ஒருவர் உள்ளே விட்டுவிட்டுப் போன அநாதை ஸ்க்ரூ அது என்று தெரிந்த பிறகுதான் மிக்ஸிக்கு விடுதலை கிடைத்தது. அநாதைக்கும் ஒரு நம்பர் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் பிழைப்பும் போய் மாட்டியது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில் நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் குமாஸ்தா. அதற்கு முன் ஒரு வருடம் வேலையில்லாமல் மாமனார் வீட்டுச் சோற்றில் காலம் தள்ளியவன். அந்தச் சோற்றை ருசித்தவனுக்குத்தான் இந்த வேலையின் அருமை தெரியும். எங்கள் முதலாளியிடம் சிவப்பு நிறத்தில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் ஏறக்குறைய தரையில். அதன் முகப்பு விளக்குகள் பகலில் பானட்டுக்குள் படுத்துத் தூங்கும். சுவிட்சைப் போட்டால் இரண்டும் 'ஙொய்ங்' என்று எழுந்து நின்று உலகத்தைப் பார்க்கும்.

முதலாளி பத்து நாள் வெளிநாடு போனார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"டெய்லி இன்ஜின் ஸ்டார்ட் பண்ணு, அஞ்சு நிமிஷம் ஓடட்டும், ஆஃப் பண்ணு. வண்டி கேட்டத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னு தெரிஞ்சா, மறுநாள் நீ ஆபீஸ் பக்கம் வரவேணாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஏர்போர்ட்டுக்கு மட்டும் கொண்டு வா."

எட்டு நாள் யோக்கியனாக இருந்தேன். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை சாயங்காலம், வண்டி கேட்டைத் தாண்டி நேராக லிங்கராஜபுரம் வந்து எங்கள் தெருவில் நின்றது. ஓட்டி வந்தது நான்தான் என்பதை எவ்வளவு யோசித்தும் மறைக்க வழியில்லை. என் மனைவி செல்வியை ஒரு ரவுண்டு கூட்டிப் போக வேண்டும் என்ற ஆசை. தெருவே திரண்டு வந்தது.

"அய்ய, கண்ணு தொறக்குதுடி!" என்று ரோஸ்லின் அக்கா கன்னத்தில் கை வைத்தார். "இன்னொரு தபா தொறக்கச் சொல்லு தம்பி."

திறந்தேன். மூடினேன். புதிதாக யார் வந்தாலும் அவர்களுக்காக ஒருமுறை திறந்து மூடினேன். முப்பது தடவையாவது இருக்கும். கடைசியில் இடது பக்கம் 'டொக்' என்றது. வலது விளக்கு கம்பீரமாக எழுந்து நிற்க, இடது விளக்கு பாதியில் நின்று, பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிற போக்கிரி மாதிரி என்னைப் பார்த்தது. மூடினால் மூடவுமில்லை.

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடை ஒன்றுக்கு ஓடினேன். "இதுக்குப் பார்ட்டு ஜப்பான்லருந்து வரணும் சார், ரெண்டு மாசம் ஆகும்" என்றார் கடைக்காரர். எனக்கு இருந்தது ஒரு நாள் கூட இல்லை. பெரிய கராஜ்களுக்குக் கொண்டுபோனால் முதலாளி ஊருக்கு வருவதற்குள் செய்தி அவர் காதுக்குப் போய்விடும். செல்வி என் மாமனார் வீட்டு டிரங்குப் பெட்டியை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்த டோக்கன் அண்ணன், வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு வண்டிக்கு முன்னால் குந்தினார். அதுவரை அவர் ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டதில்லை.

"அண்ணே, இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"எவனோ ஒரு மனுசன் மாட்டுனதுதான தம்பி. மாட்டுனத கழட்டலாம். நீ நம்பர மட்டும் சத்தமா சொல்லு."

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். விளக்கைக் கையால் மெல்லத் தூக்கி நிறுத்தி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தார். நான் "ஒண்ணு!" என்று கத்த, பில்லை ஏறியது. பிறகு விளக்கைப் பிடித்திருந்த வளையம், அதன் பின்னால் ஒயர் பிளக், கீல் போல்ட்டுகள், மோட்டாரோடு இணைத்திருந்த தாங்கி. இருபத்து மூன்று வரை கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மொத்த விளக்கு அமைப்பையும் இரண்டு கையாலும் தூக்கி எடுத்து, ரோஸ்லின் அக்காவின் துவாலையில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார். வண்டியில் அந்த இடத்தில் இருந்த பெரிய பொந்தைப் பார்த்தேன்.

கோளாறு கட்டை விரல் நகம் அளவு. மோட்டார் கம்பியும் விளக்கும் சேருகிற இடத்தில் இருந்த 'புஷ்' என்கிற சின்ன பிளாஸ்டிக் வளையம் தூள்தூளாகியிருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் ஒன்றை எடுத்து வந்து, பிளேடால் அறுத்து, துளை போட்டு, அரத்தால் ராவ ஆரம்பித்தார். கதவோரம் நின்ற ரோஸ்லின் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் புதுப் புஷ் தயாராகி உள்ளே உட்கார்ந்தது.

மாட்டுகிற படலம் தொடங்கியது. மணி ஒன்றரை. தட்டைத் தரையிலேயே வை என்று அண்ணன் மூன்று தடவை சொன்னார். குனிந்து நிமிர நேரமாகிறதே என்று நான் இட்லித் தட்டைத் தூக்கி வண்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஸ்க்ரூ உள்ளே போகப் போக பில்லைகள் இறங்கின. இரண்டரைக்கு விளக்கு பழையபடி உட்கார்ந்துவிட்டது. இட்லித் தட்டு காலி. பலகையில் ஒரு பில்லை தொங்கியது. நம்பர் பதினேழு.

"பேட்டரிய மாட்டி சுவிட்சப் போடட்டுமாண்ணே?"

"கைய எடு. பதினேழு இன்னும் மேல வரல."

"ஒரே ஒரு ஸ்க்ரூண்ணே. இருபத்திரண்டு பேர் தாங்க மாட்டாங்களா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

அண்ணன் விளக்குமாற்றை என் கையில் கொடுத்தார். தெருவைக் கூட்டிப் பெருக்கினோம். செல்வி சாக்கடை ஓரம் வரை தேடினாள். மணி மூன்றடித்தது. நான் பஸ் ஸ்டாப்பு பக்கம் ஹார்டுவேர் கடைக்கு ஓடி, அதே நீளம், அதே பருமனில் ஒரு ஸ்க்ரூ வாங்கினேன். மண்ணில் புரட்டிக் கொஞ்சம் பழசாக்கி, வண்டிக்கு அடியிலிருந்து எடுப்பதுபோல எடுத்து, "கெடச்சிருச்சுண்ணே!" என்று கூவினேன்.

வாங்கி ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தார்.

"இவன் நம்ம ஆளில்ல. நம்ம ஆளு எங்க?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு வேலை போகப் போகுதுண்ணே, நீங்க ஸ்க்ரூவுக்கு ஆஜர் எடுத்துக்கிட்டு இருக்கீங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் கோபப்படவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு தபா ஷிஃப்ட்டு முடிஞ்சும் ஆணியில ஒரு பில்ல நின்னுச்சு தம்பி. 'எவனோ எடுக்க மறந்துட்டு வூட்டுக்குப் போய்ட்டான், காலையில பாத்துக்கலாம்'னாங்க. நானும் சரின்னு வந்துட்டன்." பதினேழாம் பில்லையை விரலால் நேராக்கினார். "அவன் மறக்கல."

நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த மனிதரைப் பார்த்து அத்தனை வருடம் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் பானட்டைத் திறந்தார். மோட்டார் மேல் கையால் சுற்றுகிற குமிழ் ஒன்று இருந்தது. அதைப் பிடித்து, விளக்குப் பக்கம் காதை வைத்து, இம்மி இம்மியாகச் சுற்றினார். விளக்கு கால்வாசி எழுந்ததும் உள்ளே 'கிறீச்'. கையை எடுத்துவிட்டார்.

"அங்கதான் கீறான்."

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி விளக்குக்குப் பின்னால் இருந்த இடுக்கில் இறக்கினார். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. 'டிக்' என்றது. மெல்ல இழுத்தார். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, கிரீஸ் பூசிய முகத்தோடு பதினேழாம் நம்பர் வெளிச்சத்துக்கு வந்தது.

"வந்துட்டியாடா ராஜா!" என்றார் அண்ணன். கைதட்டலில் காக்கைகள் பறந்தன.

என் தட்டிலிருந்துதான் அது நழுவி, கம்பிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போய்ச் செருகியிருந்தது. நான் பேட்டரியை மாட்டிச் சுவிட்சைப் போட்டிருந்தால் மோட்டார் இழுத்த இழுப்பில் புதுப் புஷ்ஷும் போய், கம்பியும் வளைந்து, என் வேலையும் போயிருக்கும். அண்ணன் இதைச் சொல்லிக்காட்டவில்லை. பதினேழை அதன் இடத்தில் முறுக்கிவிட்டு, பேட்டரியை இணைத்துவிட்டு, "இப்பப் போடு" என்றார். ஙொய்ங். இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்தன. செல்வி அழுதேவிட்டாள். நான் அழவில்லை என்று எழுதிக்கொள்ள ஆசைதான்.

மூன்றரைக்கு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் யாரோ சோடா மூடியைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த ரிப்பேருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். ஏர்போர்ட்டிலிருந்து முதலாளியே ஓட்டினார். இருட்டத் தொடங்கிய நேரம், வீட்டு கேட்டருகே சுவிட்சைப் போட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஙொய்ங்.

"பரவாயில்லையே, லைட்டு முன்னவிட ஸ்மூத்தா எழுந்திருக்குது!" என்றார் முதலாளி. "பாத்தியா, வண்டிய அசைக்காம நிறுத்தி வெச்சா எவ்ளோ நல்லாருக்கு?"

"ஆமா சார்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்தப் பொய்யையும் சொன்னதில்லை.

பஸ் பிடித்து லிங்கராஜபுரம் வந்தேன். காலியாக இருக்க வேண்டிய பலகையில் புதுப் பில்லை ஒன்று தனியாகத் தொங்கியது. நம்பர் இருபத்து நான்கு. அதற்குக் கீழே நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா ராசா" என்று ரோஸ்லின் அக்கா உள்ளேயிருந்து வந்தார். "மத்தியான சோறு அப்படியே கீது. 'ஒருத்தன் இன்னும் கீழ கீறான், எப்பிடித் துன்றது'ன்னு காலியா குந்தினு கீறாரு. கோலார்ல கிளப்புல ஜெயிச்ச ஸ்ட்ரைக்கரு அது, என்னைத் தூசுகூடத் தொடைக்க விட மாட்டாரு. அத அறுத்துட்டு, ஒனக்கு என்னா ஆச்சோன்னு வேற வாசலப் பாத்துனு கீறாரு."

அண்ணன் அக்காவைக் கவனிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேல?"

"இருக்குண்ணே."

எழுந்து பில்லையை ஆணியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகுதான் சாப்பிடப் போனார்.

அந்தக் கம்பெனியை விட்டு, அந்தத் தெருவை விட்டு, எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். இருபத்து நான்காம் நம்பர் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. இப்போதும் எந்தப் பயணம் போய்த் திரும்பினாலும், பெட்டியைக் கீழே வைத்ததும் லிங்கராஜபுரத்துக்கு ஒரு போன் போடுவேன். "மேல வந்துட்டேண்ணே" என்பேன். அந்தப் பக்கம் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்தச் "சரி"யைக் கேட்ட பிறகுதான் நான் வீடு வந்து சேர்ந்ததாக எனக்கே நம்பிக்கை வரும்.