பையில சேவல், கையில மாலை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஆட்டுக்கறி வாங்கியாறது.

பொண்ணைத் திருப்பதியில கட்டிக் குடுத்திருக்கோம். கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை மொத மொத விருந்துக்கு வர்றாரு. எனக்கு ரத்தத்துல கொழுப்புன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து எங்க ஊட்டுல கறிச்சட்டி அடுப்பேறல. "மாப்பிள்ளை வந்தா செய்யறேன். நீயும் ஓரமா ஒக்காந்து நாலு துண்டு துன்னுக்கோ"ன்னு எங்க ஊட்டுக்காரி ஒத்துக்கினா.

புரட்டாசிதான். ஆனா நாங்க அம்மன் கும்புடறவங்க, சனிக்கிழமை மட்டுந்தான் கறியை விடுவோம். மாப்பிள்ளை ஊடும் அப்படித்தான். அன்னிக்கு வியாழக்கிழமை.

கடைக்குப் போனா ஷட்டர் எறக்கியிருக்கு. கடைக்காரரு வெளிய சேர் போட்டுக்கினு பேப்பர் படிக்கிறாரு.

"இன்னாப்பா, தெறக்கல?"

"இன்னிக்குத் தாத்தா பொறந்தநாளு பெரிப்பா. கத்தியத் தொடக்கூடாது."

எந்தத் தாத்தான்னு கேக்க வேணாம். நாட்டுக்கு விடுதலை வாங்கிக் குடுத்துட்டு, எல்லா நோட்டுலயும் சிரிச்சுக்கினு இருக்காரே, அவருதான்.

எனக்குக் கவலையில்ல. ஆந்திரா ஓரத்துல இருக்குற எங்க பாலசமுத்திரத்துக்காரனுக்கு எது கெடைக்கலன்னாலும் ஒரே மருந்து, பார்டர். இங்க மூடினா அங்க தெறந்திருக்கும், அங்க மூடினா இங்க. பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் பொழைக்கிறோம். வண்டியைத் தமிழ்நாட்டுப் பக்கம், பள்ளிப்பட்டுக்கு உட்டேன்.

அங்கயும் ஷட்டர்.

"ஆந்திராவுலதான் லீவுன்னு நெனச்சுக்கினு வந்தேன்"னேன்.

அந்தக் கடைக்காரன் என்னை ஏற எறங்கப் பாத்தான். "ஏன் பெரிசு, அவரு ஆந்திராவுக்கு மட்டுமா விடுதலை வாங்கினாரு?"

ஆத்துத் தண்ணிக்கு அடிச்சுக்குற ரெண்டு கவர்மெண்டையும் ஒரே ஷட்டர்ல ஒத்துமையாக்கி வெச்சிருக்காரு மனுசன்.

திரும்பி வர்ற வழியில ஒரு அம்மா வாசல்ல சேவல் மேஞ்சுக்கினு இருந்துச்சு. கெஞ்சி ஒண்ணு வாங்கி, காலைக் கட்டி, கட்டைப்பையில போட்டுக்கினேன். ஊட்டுக்குள்ள அறுத்தா யாரு கேக்கப்போறா.

ஊருக்குள்ள நுழைஞ்சா தாத்தா செலைகிட்ட கூட்டம். எங்க பஞ்சாயத்துத் தலைவரு சர்பஞ்சு என்னைப் பாத்துட்டாரு. "பெத்தாயனா, ரண்டி ரண்டி"ன்னு, பெரியவரே வாங்க வாங்கன்னு தெலுங்குல கூப்புட்டு மாலையைக் கையில குடுத்துட்டாரு. நழுவலாம்னு திரும்பினா, அப்பதான் பஸ்ஸை விட்டு எறங்கின என் பொண்ணும் மாப்பிள்ளையும் எதிர்ல நிக்கிறாங்க.

பையோடயே போயி மாலை போட்டேன்.

"ரெண்டு மாட்டலு செப்பண்டி"ன்னாரு சர்பஞ்சு. ரெண்டு வார்த்தை பேசணுமாம்.

நான் படிச்சது ரெண்டாங்கிளாஸு. தெரிஞ்சதைப் பேசினேன். "அடிச்சாங்க, திருப்பி அடிக்கல. ஜெயில்ல போட்டாங்க, கோவப்படல. ஒரு ஜீவனுக்கும் கெடுதல் நெனைக்காத மனுசன்..."

பைக்குள்ளேர்ந்து சேவல் கூவுச்சு.

கூட்டம் மொத்தமும் என் பையைப் பாத்துச்சு.

"பையில ஏமுந்தி?"ன்னாரு சர்பஞ்சு, பையில இன்னா இருக்குன்னு. மாப்பிள்ளை என்னையே பாத்துக்கினு இருக்காரு. மொத விருந்துக்கு வந்த மனுசன் முன்னாடி மானம் போவப்போவுது.

"இதுவா..." வாய் தானா பேசுச்சு. "தாத்தா பேரைச் சொல்லி இதுக்கு விடுதலை குடுக்கலாம்னு கொண்டாந்தேன்."

கட்டை அவுத்தேன். அது நேரா செலை தோள்மேல ஏறி நின்னுக்கினு இன்னொரு தரம் கூவுச்சு. கைதட்டல் அடங்க நேரமாச்சு.

மத்தியானம் கத்திரிக்கா கொழம்பு. மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிப்போச்சு.

"மாமா, ஒரு சேவலுக்காக இவ்ளோ நெனைக்கிறீங்க. நானும் இன்னியோட கறியை உட்டுட்டேன். அத்தே, இனிமே எனக்காகச் செய்யாதீங்க."

ஊட்டுக்காரி என் பக்கம் திரும்பினா. "நல்லா பேசினியாமே"ன்னு ரெண்டு கத்திரிக்கா சேத்துப் போட்டா.

சேவல் இப்போ செலைகிட்டயே குடியிருக்கு. ஊரே அரிசி போடுது.

நோட்டை எடுக்கும்போதெல்லாம், தாத்தா யாரைப் பாத்துச் சிரிக்கிறாருன்னு எனக்குத் தெரியும்.