சீனியர் நரிக்கு வயதான கதை

ஒரு காட்டில் ஒரு கலைக் கல்லூரி இருந்தது. அங்கே அல்லி என்ற முயல் முதலாண்டில் சேர்ந்து விடுதியில் தங்கியது. சாப்பாட்டு நேரத்தில் அது மெஸ் வரிசையில் ஒழுங்காக நிற்கும். மூன்றாமாண்டு நரி வீரபாகு நேராக முன்னே போய்த் தட்டை நீட்டும். பின்னாலேயே அதன் கூட்டாளிகளும் நீட்டுவார்கள். அல்லியின் முறை வரும்போது ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

"நாங்களும் பசியோடதானே நிக்கிறோம், அண்ணா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டது.

"அண்ணாவா? சார்னு சொல்லு. நான் சீனியர். அதுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு?" என்றது நரி.

தெரியாது. அல்லி வெறும் வயிற்றோடு ஆங்கில ஆசிரியை ஆந்தையிடம் போய்க் கேட்டது. அந்தக் கல்லூரியில் ஆந்தையிடம் யாரும் சந்தேகம் கேட்டதே இல்லை. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"லத்தீன்ல செனெக்ஸ்னா கிழவன். சீனியர்னா அவனைவிடக் கிழவன். நீங்க கூப்பிடற சார் கூட அதுலேருந்து வந்ததுதான். வயசாகிப் புத்தி தடுமாறுறதை செனைல்னு சொல்றாங்களே, அதுக்கும் அதே வேர்தான்மா."

மறுநாள் நரி தட்டோடு வந்தபோது அல்லி பணிவாக ஒதுங்கி நின்றது.

"வாங்க தாத்தா. பார்த்து வாங்க, தரை வழுக்கும்."

பிறகு ஆந்தை சொன்னதையெல்லாம் உரக்கச் சொன்னது. மெஸ்ஸே சிரித்தது. நரி சாப்பிடாமல் வெளியேறியது. அன்றுதான் அல்லி முதன்முதலாகச் சாம்பாரைப் பார்த்தது.

அதற்கடுத்த நாள் நரி குச்சி ஊன்றி, இருமிக்கொண்டே வந்தது.

"வயசானவனை வரிசையில நிக்க வைக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று சமையற்காரக் கரடியைக் கேட்டது.

கரடிக்குப் பாவமாகிவிட்டது. நாற்காலி போட்டு, சூடாகப் பரிமாறி, இன்னொரு அப்பளமும் வைத்தது.

அல்லி முதல்வர் சிங்கத்திடம் ஓடியது. சிங்கம் ஆந்தையைக் கூப்பிட்டு விசாரித்தது.

"சீனியர்னா கிழவர்னு நீங்கதான் சொன்னீங்களா?"

ஆந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆமாங்க சார். நம்ம காலேஜுக்குச் சட்டம் போடற செனட் கூட அந்த வேர்லேருந்து வந்ததுதான். பெரியவங்க சபைன்னு அர்த்தம்."

சிங்கம் பிடரியைத் தடவியது. "செனட்ல ஒரு இடம் காலியா இருக்கே. இந்தப் பெரியவரைப் போட்டுடலாம்."

"சார், அவர் இன்னும் பாஸே பண்ணல!" என்று அலறியது அல்லி.

"இந்த வயசுல அவரைப் பரீட்சை எழுதச் சொல்றியா?" சிங்கத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

வீரபாகு கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே தீர்மானங்கள் நிறைவேறின. முதலாண்டு மாணவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். சொற்களின் வேரை யாரும் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது. ஆந்தையை விளையாட்டுத் துறைக்கு மாற்றினார்கள். அது பட்டப்பகலில் கண் கூசக் கூச மைதானத்தில் நின்று விசில் ஊதியது. பக்கத்தில் உட்கார்ந்து அல்லி புல்லைக் கடித்துப் பார்த்தது. மெஸ் சாப்பாட்டைவிட நன்றாகவே இருந்தது. அதனால்தான் அல்லிக்கு இன்னும் அழுகை வந்தது.

நீதி: யாரையும் கிழவன் என்று நிரூபித்துவிடாதீர்கள், பதவி கொடுத்துவிடுவார்கள்.